ஈரமா, சுத்தமா

என் வீட்டுக்காரருக்குத் தன் காதின் மேல் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. பனிமூட்டத்துக்குள் ஒரு பஸ் மலை ஏறி வந்தால், அது கண்ணுக்குத் தெரியும் முன்பே எந்த வளைவில் திரும்புகிறது, ஓட்டுகிறவர் பழைய டிரைவரா புது டிரைவரா என்றெல்லாம் சொல்லிவிடுவார். சரியா தப்பா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. அதனால் அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது.

நான் சேலத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்தபோது எழுபதுகள் முடிகிற சமயம். அவர் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், தினமும் வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போடுகிற வேலை. எஸ்டேட் கொடுத்த ஓட்டு வீட்டில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைக் கட்டிக்கொண்டு ஏறிய மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி. பாதி நாள் அதுவும் தெரியாது. மூட்டம் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு உள்ளேயும் வரும். வெயிலிலேயே வளர்ந்த எனக்கு முதல் மாதங்களில் பகல் எது, தூங்கி எழுந்தது எது என்று பிடிபடவில்லை. அடுப்பில் உலை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள்.

அந்த வீட்டில் எனக்கு முன்பே அவருக்கு ஒரு மூத்த சம்சாரம் இருந்தாள் என்று கேலி செய்வேன். அது ஒரு வால்வு ஆம்பிளிஃபயர். மலையை விட்டுப் போன ஒரு துரை வீட்டுச் சாமான்களோடு ஏலத்துக்கு வந்ததை அவர் பிடிவாதமாக எடுத்திருந்தார். போட்டவுடன் அது பாடாது. உள்ளே இருக்கிற கண்ணாடிக் குமிழ்கள் மெல்லச் சிவந்து சூடேறின பிறகுதான் சத்தம் வரும். அதோடு ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி. இடுப்பு உயரம், தேக்குப் பலகை, முன்பக்கம் முழுக்கப் பழுப்புத் துணி. பெட்டியின் முதுகைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கேசட்டைப் போடுவார். நான் முறத்தில் பருப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பெட்டியோரம் உட்காருவேன். கம்பளி ஸ்வெட்டரை ஏற்காட்டுக்கு வந்த பிறகு நான் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றினேன் என்று அவர் எல்லோரிடமும் சொல்லுவார். உட்கார்ந்தால் தானாகப் பின்னால் சாய்ந்துவிடுவேன். முதுகுக்குப் பின்னால் அந்தத் துணி அதிர்வது தெரியும். பஸ்ஸில் ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்குவோமே, அந்த அதிர்வு. பருப்பில் கல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சேலத்துக்குப் போய்விடுவேன். எங்கள் தெருக்குழாய், தறிச் சத்தம், அம்மா உப்புப் போட மறந்த ரசம். பாட்டு நின்றால்தான் ஏற்காடு திரும்பி வரும்.

அவர் எதிரே பாயில் கண்ணை மூடிப் படுத்துக் கேட்பார். சத்தத்தைப் பற்றி அவரிடம் ஒரே ஒரு சொல்தான் உண்டு: ஈரம். "ஈரம் இருக்குது பாரு" என்பார். முதலில் நான் சுவரில் கசிகிறது என்று நினைத்துச் சாக்கை எடுத்துக்கொண்டு வந்தேன். சிரித்துவிட்டு விளக்கினார். புல்லாங்குழல்காரர் ஊதும்போது அவருடைய உதட்டு ஈரமும் சேர்ந்து கேட்கவேண்டுமாம். ஊதுகிறவர் மனுசன் என்று தெரியவேண்டுமாம். இந்தச் செட்டைத் தவிர வேறு எந்தச் செட்டிலும் அவருக்கு அது கேட்டதில்லை. பஜாரில் இருக்கிற கடையில் கேட்டாராம், இல்லை. மேனேஜர் பங்களாவில் கேட்டாராம், இல்லை. நம் வீட்டில் மட்டும் உண்டு என்பார்.

எனக்குக் கூடப் பிறந்தது ஒரே தம்பி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, பிறந்த வீடு என்றால் எனக்கு அவன்தான். அவனுக்கும் பாட்டுப் பைத்தியம் உண்டு. என் வீட்டுக்காரரிடமிருந்து தொற்றியதுதான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்து மலை ஏறி வந்து, மாமனும் மாப்பிள்ளையுமாக ஒரே பாயில் படுத்துக் கேட்பார்கள். அப்புறம் அவனுக்குச் சம்பளம் உயர்ந்தது. புதிதாக ஒரு டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர் வாங்கினான். வெள்ளி முகப்பு, திருகுவதற்கு வரிசையாகக் குமிழ்கள். போட்ட நொடியில் பாடும். அவனும் ஒரு சொல் கண்டுபிடித்துக்கொண்டான்: சுத்தம். "சுத்தமா இருக்குதுங்க மாமா, ஒரு இரைச்சல் இல்லீங்க" என்பான்.

வினை வந்தது அவன் மகளின் காதுகுத்துக்கு. சேலத்தில் விசேஷம். பாட்டுப் போட என் செட்டுதான் வரும் என்று இவர் சொல்லிவிட்டார். ஆம்பிளிஃபயரைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டும், பெட்டியைப் பஸ் கூரையில் கட்டிக்கொண்டும் கொண்டையூசி வளைவுகள் முழுக்க இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் என்னைப் பிடிக்காமல் அதைப் பிடித்துக்கொண்டார். கூடத்தில் எல்லாவற்றையும் பூட்டி, எல்லாரும் கேளுங்க என்று சொல்லி, புல்லாங்குழல் கேசட்டைப் போட்டார்.

வறண்டு கிடந்தது. எனக்கு அடுப்படியிலிருந்து கேட்டபோதே தெரிந்தது. குழல் இருந்தது, ராகம் இருந்தது, அவர் சொல்லுகிற அந்த ஒன்று மட்டும் இல்லை. அவர் குமிழைத் திருகினார், ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். சேலத்துக் கரண்டு சரியில்லை என்றார். உறவுக்காரர்கள் நடுவில் என் தம்பி சிரித்துக்கொண்டே கேட்டான்.

"என்னங்க மாமா, ஈரத்த மலையிலயே உட்டுட்டு வந்துட்டீங்களா?"

கூடமே சிரித்தது. கேலி பேசுகிற முறைதான், தப்பில்லை. ஆனால் அவர் முகம் விழுந்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். தம்பி தன் செட்டை மாட்டிப் பாட்டுப் போட்டதும் இவர் எழுந்தார். "சுத்தமாத்தான் இருக்குது, ஆஸ்பத்திரியாட்டம்" என்றார். வாங்கிய சாமானைக் குறை சொல்லியிருந்தால்கூட அவன் பொறுத்திருப்பான். புதிதாகப் பால் காய்ச்சிக் குடிவந்த வீட்டில், பிள்ளைக்குக் காது குத்தின நாளில், ஆஸ்பத்திரி என்ற வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. பேச்சு முற்றியது. நாங்கள் இலையில் உட்காராமலே பஸ் ஏறினோம். விசேஷ வீட்டில் சாப்பிடாமல் வருவது என்றால் என்ன என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஆடிக்கு அவன் வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. பொங்கல் சீரைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான். அரிசியும் வெல்லமும் மஞ்சளும் கரும்பும் ஒரு சாக்குப் பையில் வந்தன. எடுத்துக்கொள்ளுங்கள் என்று கண்டக்டர் இறக்கிவைத்துவிட்டு விசில் கொடுத்துப் போய்விட்டார். பஸ் நின்ற இடத்திலேயே நின்று அழுதேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ரெண்டு செட்டுகளையும் திட்டினேன்.

இதற்கு வழி சொன்னவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார். என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதர், தம்பிக்கும் பழக்கம். அவர் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருந்தார். எந்தச் செட்டு நல்ல செட்டு என்று சண்டை வந்தால், ரெண்டையும் திரைக்குப் பின்னால் வைத்து, எது பாடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கச் சொல்லுவார்களாம். கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் சொல்லவேண்டும். இவர் உடனே மீசையைத் தடவிக்கொண்டு ஒப்புக்கொண்டார். வாத்தியார் சேலத்துக்குப் போய்க் கேட்டதில் அவனும் ஒப்புக்கொண்டான். ஆனால் ரெண்டு பேருமாக ஒரு பந்தயம் வைத்தார்கள். தோற்றவர் தன் செட்டை விற்றுவிடவேண்டும்.

ஊருக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்குத் தெரியும் என்ன நடக்கும் என்று. இவர் தோற்றால் தம்பி இருக்கிற திசையில்கூடத் தலை வைத்துப் படுக்கமாட்டார். அவன் தோற்றால் அவமானத்தில் மலை ஏறவே மாட்டான். யார் ஜெயித்தாலும் எனக்குப் பிறந்த வீடு கிடையாது. அந்தத் தை மாதம் முழுக்க எனக்கு இதே நினைப்புதான்.

திரைக்குப் பின்னால் இருந்து செட்டை மாற்றுவது யார் என்று அடுத்த பஞ்சாயத்து. ரெண்டு செட்டையும் பிடிக்காத ஆள் வேண்டும் என்றார் வாத்தியார். அப்படிப்பட்ட ஆள் இந்த மலையில் நான் ஒருத்திதான் என்றேன். வீட்டுக்காரர் என்னைப் பிறந்த வீட்டுப் பக்கம் என்று சந்தேகப்பட்டார். தம்பி என்னைப் புருசன் பக்கம் என்று சந்தேகப்பட்டான். சரி, நான் முடிவு செய்யவில்லை, பூக் கேட்போம் என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, நல்ல காரியத்துக்கு முன்னால் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு ஆயிற்று. சிவப்பு வந்தால் இப்போது வேண்டாம். அதேபோல ஒவ்வொரு தடவையும் நான் ஒரு பொட்டலம் எடுக்கிறேன், வெள்ளை வந்தால் இவர் செட்டு, சிவப்பு வந்தால் அவன் செட்டு. வாத்தியார் இதைக் கேட்டு அந்தப் பத்திரிகைக்காரர்களுக்கே இது தோன்றவில்லை என்று பாராட்டினார்.

பொட்டலம் மடிக்கிற வேலையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். எஸ்டேட் ஸ்டோர்க்காரர் மனைவி. மாரியம்மனுக்கு வாரம் தவறாமல் விளக்குப் போடுகிறவள். என் அழுகைக்கெல்லாம் தோள் கொடுத்தவள். வெள்ளரளி பாதி, செவ்வரளி பாதி மடித்துக் கலக்கி ஒரு சொம்பில் போட்டுத் தரச் சொன்னேன்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் செட்டோடு மலை ஏறி வந்தான். பதில் சொல்லுகிறவர்கள் வாய் திறந்து சொல்லக்கூடாது, ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தெரியக்கூடாது. அதற்கு என் பல்லாங்குழியையும் அக்கா வீட்டுப் பல்லாங்குழியையும் எடுத்தோம். ஆளுக்கொரு பலகை, ஒரு பக்கத்து ஏழு குழிதான் கணக்கு. இவர் செட்டு பாடுகிறது என்று பட்டால் ஒரு காப்பிக் கொட்டை, அவன் செட்டு என்று பட்டால் ஒரு மிளகு. காப்பிக் கொட்டை விழுகிற சத்தம் வேறு, மிளகு விழுகிற சத்தம் வேறு என்று கண்டுபிடித்துவிடுகிற கூட்டம் என்பதால் குழிக்குள் துணி திணித்தார் வாத்தியார். ரெண்டு பேரையும் ஒரே பாயில் முதுகோடு முதுகாக உட்காரவைத்தார். முகம் பார்க்காமல் இருக்க அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை.

அறையின் குறுக்கே அவருடைய எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டினோம். திரைக்கு இந்தப்பக்கம் ரெண்டு செட்டுகள், டேப் ரிக்கார்டர், சுவரோரம் அதே பெட்டி, அப்புறம் நான். ரெண்டு செட்டும் அந்த ஒரே பெட்டியில்தான் பாடும். எது பாடவேண்டும் என்பதை மாற்ற ஒரு சுவிட்ச். சத்தம் ரெண்டிலும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று வாத்தியார் வைத்துப் பார்த்து, குமிழ் நிற்கவேண்டிய இடத்தில் சாந்துப் பொட்டு வைத்தார். பொட்டைத் தாண்டித் திருகக்கூடாது. எது எது பாடியது என்று மறந்துவிடாமல் இருக்க, எடுத்த பூக்களை எடுத்த வரிசையில் நூலில் கோத்துக்கொள்ளச் சொன்னார். நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மடியில் சொம்பை வைத்துக்கொண்டு, ஊசியும் நூலுமாகத் தயாரானேன்.

முதல் பொட்டலம். வெள்ளை. சுவிட்சை இவர் செட்டுக்குத் திருப்பி, கேசட்டை ஓடவிட்டேன். குழல் ஆரம்பித்ததும் பழக்கத்தில் உட்கார்ந்து சாய்ந்தேன். முடிந்தது. வெளியே துணியில் ஏதோ விழுந்த ஓசையற்ற ஓசை. ரெண்டாவதும் வெள்ளை. சுவிட்சைச் சும்மா ஒருதரம் டக்கென்று தட்டி, பழைய இடத்துக்கே கொண்டுவந்து, மறுபடி சாய்ந்தேன். மூன்றாவதில் கேசட் நாடா கொஞ்சம் இழுத்தது. டேப் ரிக்கார்டரின் பக்கத்தில் மண்டியிட்டு, பட்டனை விரலால் பிடித்துக்கொண்டே இருந்தேன். அதுவும் வெள்ளைதான்.

நாலாவதும் வெள்ளை வந்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. குழலை ஓடவிட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் நின்றுகொண்டு சொம்பில் மிச்சமிருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஒரு செவ்வரளிகூடக் கிடையாது.

நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் அக்காவைத் திட்டுவார்கள், என்னைச் சந்தேகப்படுவார்கள், அவன் செட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிவிடுவான். அப்போதுதான் மூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பால் போல வந்து, செட்டின் சிவந்த குமிழ்களைச் சுற்றி, வேட்டியின் அடியில் புகுந்து அந்தப்பக்கம் போயிற்று. அதன் பின்னாலேயே போகவேண்டும் போலிருந்தது. எனக்குப் பயமே போய்விட்டது. பூ என்ன சொல்லுகிறதோ அதைப் போடுவதுதானே என் வேலை. பூ வெள்ளை என்கிறது, வெள்ளையைப் போடுகிறேன். பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்து ஐந்தாவதைப் போட்டேன். பாதி தூக்கத்தில் அம்மாவைப் பார்த்தேன். ரசத்துக்கு உப்புப் போட்டியா என்று கேட்டேன். அவள் உப்பு ஜாடியைத் தேடினாள்.

ஆறாவதைப் போட்டுவிட்டு எழுந்து போய், வேட்டியின் விளிம்பை விலக்கி எட்டிப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு மூட்டம். அதன் நடுவில் ரெண்டு பேரும் முதுகோடு முதுகாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். இவர் முதுகு அவன் முதுகில் நன்றாகச் சாய்ந்திருந்தது. குழல் ஒரு இடத்தில் மேலே ஏறிக் குழைந்தபோது ரெண்டு தலைகளும் ஒரே சமயத்தில் ஆடின. இத்தனை மாதமும் நான் பார்க்க ஏங்கிய காட்சி. அது அங்கேயே இருக்கட்டும், பாட்டு முடியவேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

ஏழாவதில் உட்கார்ந்து சாய்ந்தேன். ஆனால் இருப்புக்கொள்ளவில்லை, பாதியில் எழுந்துவிட்டேன். பாட்டும் முடிந்தது.

வாத்தியார் வேட்டியை அவிழ்த்தார். சுற்றி நின்று பார்த்தவர்களில் அக்காவும் இருந்தாள். முதலில் பலகைகளைப் பார்த்தார்கள். ரெண்டிலும் காப்பிக் கொட்டையும் இருந்தது, மிளகும் இருந்தது. அடுத்து என்னிடம் சரத்தைக் கேட்டார்கள். நான் நூலைத் தூக்கிக் காட்டினேன். ஏழு வெள்ளரளி.

வாத்தியார்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்து, சிவப்பு எங்கேம்மா என்று கேட்டார். அவள் கொஞ்சமும் கலங்கவில்லை.

"ஏனுங்க, மாமனும் மாப்பிள்ளயும் ஒண்ணு சேரோணும்னுதானுங்களே பூக் கேக்கறீங்க. நல்ல காரியத்துல செவப்பு வந்துட்டா என்னங்க பண்றது? அதான் எல்லாம் வெள்ளையே வெச்சுப்போட்டனுங்க."

இது காதுக்கு வைத்த பரீட்சை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும், ஓடி ஒளிந்துகொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

என் வீட்டுக்காரர் தன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அதைவிட மோசம், குரல் இறங்கிவிட்டது.

"எல்லாம் என்ற செட்டுதான்னா, நான் மொளகு போட்டப்ப கேட்டது என்னது?"

தம்பியும் கேலி செய்யவில்லை. அவனும் அதே செட்டைத்தான் மூன்று தடவை சுத்தம் என்று தன் செட்டாக நினைத்து மிளகு போட்டிருந்தான். தலை குனிந்துகொண்டான். ரெண்டு கர்வமும் ஒரே சமயத்தில் உடைந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வாத்தியார் மட்டும் ரெண்டு பலகைகளையும் தூக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அப்போதுதான் எல்லோருமே பார்த்தோம். முதல் குழி, ரெண்டிலும் காப்பிக் கொட்டை. அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதிலும் நாலாவதிலும், ரெண்டு பலகையிலும் மிளகு. ஐந்தாவதில் காப்பி, ஆறில் மிளகு, ரெண்டிலும். கடைசிக் குழியில் இவர் காப்பியும் மிளகும் சேர்த்துப் போட்டிருந்தார். அவன் எதையும் போடாமல் விட்டிருந்தான். ஒருவர் சொல்வதை மற்றவர் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்று பத்து ஊர் பார்க்கச் சண்டை போட்டவர்கள், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, குழிக்குக் குழி ஒன்றையே போட்டிருந்தார்கள்.

குருட்டாம்போக்கில் போட்டால் இப்படி அமையாது என்றார் வாத்தியார். செட்டு மாறவில்லை, ஆனால் வேறு ஏதோ மாறியிருக்கிறது, அது ரெண்டு பேர் காதிலும் விழுந்திருக்கிறது. என்னைப் பார்த்துக் கேட்டார்: குமிழைத் தொட்டீர்களா? இல்லை. பெட்டியை நகர்த்தினீர்களா? இல்லை. பின்னே என்னதான் செய்தீர்கள்? ஒன்றும் செய்யவில்லை, உட்கார்ந்திருந்தேன், நடுவில் ரெண்டு மூன்று தடவை எழுந்தேன் என்றேன். எங்கே உட்கார்ந்தீர்கள் என்றார். எப்போதும் உட்காருகிற இடத்தில்தான் என்று பெட்டியைக் காட்டினேன். சொல்லும்போதே எனக்கு உடம்பெல்லாம் சூடாயிற்று.

மறுபடி வேட்டியைக் கட்டச் சொன்னார். இந்தத் தடவை பூவும் இல்லை, மிளகும் இல்லை. குழலைப் போட்டுவிட்டு நான் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து உட்கார்ந்து, ஸ்வெட்டர் போட்ட முதுகைத் துணியில் சாய்த்தேன். திரைக்கு அந்தப்பக்கம் மாமனும் மாப்பிள்ளையும் ஒரே வாயாகச் சொன்னார்கள்.

"ஈரம்."

எழுந்தேன். போயிற்று என்றார்கள். சாய்ந்தேன். வந்தது என்றார்கள். வாத்தியார் கம்பளி கீச்சுச் சத்தத்தைக் குடித்துவிடுகிறது, துணியை அடைத்துக்கொண்டால் சத்தம் மெத்தென்று ஆகிவிடுகிறது என்று ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அவர் சொல்லுவது யாருக்கும் கேட்கவில்லை. என் தம்பி வேட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். காதுகுத்துக்கு அப்புறம் முதல் சிரிப்பு.

என் வீட்டுக்காரர் பாயை விட்டு எழவில்லை. திரை விலகின பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"ஏம்புள்ள, அன்னைக்கிச் சேலத்துல பாட்டுப் போட்டப்ப நீ எங்க இருந்த?"

"அடுப்படியிலதானுங்க இருந்தேன்" என்றேன்.

"ம்" என்றார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பறப்பது போலவும் இருந்தது. வேறு எந்தச் செட்டிலும் கேட்கவில்லை, நம் வீட்டில் மட்டும் உண்டு என்று இத்தனை வருசம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அது என்னைத்தான் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்று தம்பி எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டான். ரசத்துக்கு உப்புப் போட மறந்திருந்தேன், ரெண்டு பேருமே ஒன்றும் சொல்லவில்லை. யாரும் எந்தச் செட்டையும் விற்கவில்லை, விற்கவேண்டும் என்று யாரும் நினைவுபடுத்தவுமில்லை. கிளம்பும்போது தன் செட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவன், திரும்பி வந்து, உன் ஸ்வெட்டரைக் கொடு அக்கா, ஒரு வாரம் இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு போனான். நான் அந்த வாரம் முழுக்கப் போர்வையைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்தான். செட்டைக் கொண்டுவரவில்லை. ஸ்வெட்டரை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். இவர் கண்ணை மூடிப் பாயில் படுத்திருந்தார்.

"பெட்டி மேல போத்திப் போத்திப் பாத்தனுங்க மாமா. மெத்துனு ஆகுது, ஆனா அது வரலீங்க."

இவர் கண்ணைத் திறக்காமலே பாயில் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்.